வெள்ளிக்கிழமை மீன்கறி வைத்தது பாவமா?

கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் பெயரும் வெளியில் தெரிய வேண்டாம் என்று கேட்டிருப்பதால் விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு 34 வயது. கடற்கரை ஊர் ஒன்றில், இலத்தீன் முறைக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 13 ஆண்டுகளுக்கு முன் தக்கலைப் பக்கம் ஒரு சீரோ மலபார் (கீழை முறைக் கத்தோலிக்க) குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். 12 வயதில் மகள், 8 வயதில் மகன், ஐந்து மாதக் கைக்குழந்தை. கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். வீட்டில் துணைக்கு இருப்பவர் 71 வயது மாமியார். அவர் ஈஸ்டருக்கு முன் வரும் ஐம்பது நோம்பு முடியும்வரை இறைச்சி, மீன், முட்டை, பால் எதையும் தொடமாட்டார். மகனின் வேலை நிலைக்க வேண்டும் என்று, "நோம்பு தீரும்வரை இந்த அடுப்பில் மீன் ஏறாது" என்று இந்த ஆண்டு நேர்ச்சையும் செய்திருக்கிறார். ஆனால் சகோதரிக்குப் பேறுகாலத்துக்குப் பின் ரத்தசோகை. முட்டையும் மீனும் நன்றாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் மருத்துவர்.

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, மாமியார் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் சாளை வாங்கிக் கறி வைத்து, மரச்சீனியோடு இவரும் பிள்ளைகளும் சாப்பிட்டிருக்கிறார்கள். திரும்பி வந்த மாமியாருக்கு வாசத்திலேயே தெரிந்துவிட்டது. "பெரிய நோம்பில், அதுவும் வெள்ளிக்கிழமையில், பிள்ளைகளையும் பாவத்தில் தள்ளிவிட்டாயே" என்று அழுதிருக்கிறார். அன்றிலிருந்து இருவருக்கும் சரியான பேச்சில்லை. அதற்கு முந்தைய வெள்ளியன்று ஓர் உறவினர் வீட்டில் குடித்த காய்கறி சூப்பில் கோழிக் கியூப் (கோழிச்சாற்றுக் கட்டி) போட்டிருந்தது என்பதும் பிறகுதான் தெரியவந்திருக்கிறது. "கல்யாணம் ஆனதும் நானும் சீரோ மலபார் ஆகிவிட்டேன் அல்லவா ஃபாதர்? அப்படியானால் இது சாவான பாவம்தானே? பயந்துபோய் இரண்டு ஞாயிறாக நற்கருணை வாங்கவில்லை" என்று முடிகிறது கடிதம்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பதில் சாவான பாவம், அதாவது மிகக் கனமான பாவம், எதுவும் இல்லை. வருகிற ஞாயிறு தயங்காமல் நற்கருணை வாங்குங்கள். திருச்சபைச் சட்டம் தொடர்பான வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறேன். செய்யாத குற்றத்துக்காக ஒருவர் பலிபீடத்தை விட்டு விலகி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் கஷ்டப்படுகிறது. சட்டம் தெரியாததால் வந்த பயம் இது. அதைப் பொறுமையாக அவிழ்ப்போம்.

நம்முடைய பழைய ஞானோபதேசத்தில் இரண்டு சொற்கள் உண்டு: ஒருசந்தி, சுத்தபோசனம். ஒருசந்தி என்பது சாப்பாட்டின் அளவைக் குறைப்பது. சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்குவது. இரண்டும் வேறு வேறு. ஆனால் 'சுத்தம்' என்ற சொல் நம் ஊரில் வேறொரு அர்த்தத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறது. சைவம், அசைவம் என்று பிரித்துப் பார்த்தே பழகிய மண் இது. அக்கம்பக்கத்து வீடுகளில் புரட்டாசிச் சனிக்கும் சஷ்டிக்கும் முட்டைகூட உள்ளே வராது. அந்தக் கண்ணோடு பார்த்தால் சுத்தபோசனம் என்றாலே முழுச் சைவம் என்றுதான் தோன்றும். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. அது விலக்குவது இலத்தீனில் 'கார்னிஸ்' எனப்படும் ஊனை. தரையில் வாழும் வெப்ப ரத்தப் பிராணிகள், பறவைகள் ஆகியவற்றின் ஊன் என்றே திருச்சபை மரபு அதைப் புரிந்துவந்திருக்கிறது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1966 பிப்ரவரி 17 அன்று வெளியிட்ட 'பேனிதேமினி' என்ற ஆணையில் இது ஒரே வரியில் இருக்கிறது: சுத்தபோசனச் சட்டம் இறைச்சியை விலக்குகிறது, முட்டையையும் பால்பொருள்களையும், விலங்குக் கொழுப்பில் செய்த சுவையூட்டிகளையும் விலக்கவில்லை. இலத்தீன் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு 1249 முதல் 1253 வரையான ஐந்து சட்டங்களில் இந்த ஒழுங்கைத் தொகுத்துச் சொல்கிறது.

எது இறைச்சி, எது இல்லை

ஆடு, மாடு, பன்றி, முயல் எல்லாம் இறைச்சி என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கோழியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். "கோழிதானே, ஆட்டிறைச்சி இல்லையே" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. கோழி, வாத்து, காடை எல்லாமே விலக்கில் அடங்கும். ஈரல், மூளை, மஜ்ஜை, ரத்தப் பொரியல் ஆகியவற்றையும் ஊன் என்றே அறநெறி நூல்கள் கணக்கிட்டு வந்திருக்கின்றன. ஆகவே மஜ்ஜையோடு கூடிய எலும்பு சூப்பைத் 'தண்ணீர்தானே' என்று தள்ளிவிட முடியாது.

மீன், கருவாடு, இறால், நண்டு, கணவாய், சிப்பி எதற்கும் தடையில்லை. உங்கள் சாளைக் கறி இதில்தான் வருகிறது. குளிர் ரத்தப் பிராணிகளுக்கு விலக்கில்லை என்பதால் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் 2010இல், முதலை இறைச்சி சாப்பிடலாமா என்று கேட்ட ஒருவருக்கு அது மீன் வகையைச் சேர்ந்தது என்று பதில் எழுதினார். அங்கே அது வழக்கமான உணவு. நம் கடற்கரையில் ஆமையைப் பற்றி இதே கேள்வியைக் கேட்பார்கள். சுத்தபோசனச் சட்டப்படி ஆமைக்குத் தடையில்லை. ஆனால் கடலாமையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதனால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பால், தயிர், நெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி, முட்டை, தேன் எல்லாம் சாப்பிடலாம். முட்டை சேர்த்த கேக், ஜெலட்டின் சேர்த்த ஜெல்லி, ஜெலட்டின் உறை போட்ட மாத்திரை எதிலும் பிரச்சினையில்லை.

மிச்சம் இருப்பது அந்தக் கோழிக் கியூப். 1917 சட்டத்தொகுப்பு இறைச்சிச் சாற்றையும் பெயர் சொல்லித் தடுத்திருந்தது. 1966 ஆணையில் அந்தச் சொல் இல்லை. அமெரிக்க ஆயர் பேரவையின் விளக்கமும் இறைச்சிச் சாறு கண்டிப்பான தடைக்குள் வராது என்றே சொல்கிறது. ஆனாலும் இறைச்சியின் ருசியுள்ளதை அன்று தவிர்ப்பதே அறநெறி ஆசிரியர்களின் வழக்கமான அறிவுரை. என் கருத்தும் அதுதான். தெரிந்தே கோழிச்சாற்றில் சோறு பிசைந்து சாப்பிட்டுவிட்டு, துண்டு எதுவும் சாப்பிடவில்லையே என்று சமாதானம் சொல்லிக்கொள்வது சரியாக இருக்காது. உங்கள் விஷயம் வேறு. காய்கறி சூப் என்று நினைத்துக் குடித்தீர்கள். முழு அறிவும் முழுச் சம்மதமும் இல்லாமல் சாவான பாவம் இல்லை என்பது மறைக்கல்வியின் பால பாடம். பேனிதேமினியும், தவ ஒழுங்கை மொத்தத்தில் கடைப்பிடிப்பதுதான் கனமான கடமை என்கிறது. ஒரு நாள் தவறியதை வைத்து ஒருவரைக் குற்றவாளியாக்குவது அதன் நோக்கமில்லை.

நாட்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆண்டின் எல்லா வெள்ளியும் சுத்தபோசன நாள்தான். பெருவிழா ஒன்று வெள்ளியில் விழுந்தால் மட்டும் அன்று விலக்கில்லை. 2025 ஆகஸ்டு 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழா, வெள்ளிக்கிழமையாக இருந்தது. அன்று பிரியாணி சாப்பிட்டவர் யாரும் தவறு செய்யவில்லை. தவக்காலத்துக்கு வெளியே வரும் வெள்ளிகளில் இறைச்சி விலக்குக்குப் பதிலாக வேறு தவமுயற்சியையோ அன்புப்பணியையோ வைக்க ஆயர் பேரவைகளுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் ஆயரின் தவக்காலச் சுற்றுமடலைக் கட்டாயம் வாசியுங்கள். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்த நாட்கள்.

கல்யாணம் உங்கள் திருச்சபையை மாற்றிவிடவில்லை

உங்கள் கடிதத்தில் உள்ள பெரிய தவறான எண்ணம் இதுதான். உங்கள் மாவட்டத்தில் கோட்டாறு, குழித்துறை என்று இலத்தீன் மறைமாவட்டங்களும், தக்கலையில் சீரோ மலபார் மறைமாவட்டமும், மார்த்தாண்டத்தில் சீரோ மலங்கரா மறைமாவட்டமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. கலந்து கல்யாணம் செய்வது சகஜம். 'பெண் போன வீட்டு முறைக்கு வந்துவிடுவாள்' என்று ஊரில் சொல்வார்கள். சட்டம் அப்படி இல்லை. வாழ்க்கைத்துணையின் திருச்சபைக்கு நீங்கள் மாறலாம். அதற்கு வழி இருக்கிறது. ஆனால் மாறுகிறேன் என்று உரிய அதிகாரியின் முன் நீங்களே அறிவித்து, அது திருமுழுக்குப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். எத்தனை ஆண்டு சீரோ மலபார் கோவிலில் பூசை கண்டாலும், அங்கேயே நற்கருணை வாங்கினாலும், அதனால் மட்டும் உறுப்பினர் ஆகிவிடுவதில்லை என்று இலத்தீன் தொகுப்பின் 112ஆம் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. நீங்கள் அப்படி அறிவித்ததாக எழுதவில்லை. சந்தேகமிருந்தால் பிறந்த ஊர்ப் பங்கில் உங்கள் திருமுழுக்குப் பதிவைப் பார்க்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. அதில் மாற்றம் இல்லையென்றால் நீங்கள் இன்றும் இலத்தீன் முறைக் கத்தோலிக்கர். உங்களுக்கு இலத்தீன் சட்டம்தான்.

பிள்ளைகள் விஷயம் வேறு. பெற்றோர் இருவரும் சேர்ந்து வேறு விதமாகத் தீர்மானித்திருந்தால் தவிர, அவர்கள் தந்தையின் திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அதனால் மாமியார் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சீரோ மலபார் உட்பட்ட கீழைத் திருச்சபைகளின் சட்டத்தொகுப்பு, 1990இல் வெளியானது, உங்கள் வீடு போன்ற வீடுகளை நினைத்தே ஒரு வரி எழுதியிருக்கிறது. பெற்றோர் வெவ்வேறு திருச்சபைகளைச் சேர்ந்தவர்களாக இருந்தால், திருநாட்கள், தவ நாட்கள் விஷயத்தில் அந்தக் குடும்பம் இரண்டில் ஏதாவது ஒரு திருச்சபையின் ஒழுங்கைப் பின்பற்றலாம் என்கிறது 883ஆம் சட்டத்தின் இரண்டாம் பிரிவு. ஒரே வீட்டில் இரண்டு சட்டம் மோதி ஒரு குடும்பம் உடையக்கூடாது என்ற அக்கறையை இந்த வரியில் பார்க்கிறேன். இதை உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். இருவரும் பேசி முடிவெடுங்கள்.

வயதையும் கவனியுங்கள். இலத்தீன் சட்டப்படி சுத்தபோசனம் 14 வயது முடிந்தவர்களையே கட்டுப்படுத்தும். பழைய 1917 தொகுப்பில் அது ஏழு வயதாக இருந்தது. உங்கள் பிள்ளைகள் இருவரும் இன்னும் அந்த வயதை எட்டவில்லை. கட்டாயம் இல்லாத வயதிலும் தவத்தின் பொருளைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று சட்டம் பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறது. அதைச் செய்யுங்கள், போதும்.

மாமியாரின் நோம்பு எங்கிருந்து வந்தது

இதுவரை படித்துவிட்டு, மாமியார் சொன்னது எல்லாம் தப்பு என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவர் கடைப்பிடிப்பது நம்முடையதைவிடக் கடினமான, மிகப் பழைய ஒழுங்கு. நோம்புக்கு முந்தைய ஞாயிறான பேத்துர்த்தா முடிந்ததும், நமக்குத் திருநீற்றுப் புதன் வருவதற்கு இரண்டு நாள் முன்பே, திங்கட்கிழமை அவருக்கு நோம்பு தொடங்கிவிடும். மீனும் முட்டையும் பாலும் விடுவது மார்த்தோமா (புனித தோமையார் மரபுக்) கிறிஸ்தவர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த வழக்கம்.

நம் இலத்தீன் முன்னோர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினாஸ், தவக்கால நோன்பில் முட்டையும் பால்பொருள்களும்கூட விலக்கு என்றே எழுதினார். ஊனிலிருந்து பிறப்பது ஊனோடு சேர்ந்தது என்பது அவர்கள் பார்வை. பிரான்சின் ருவான் நகரப் பேராலயத்தில் ஒரு கோபுரத்துக்கு இன்றும் 'வெண்ணெய்க் கோபுரம்' என்று பெயர். தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி வாங்கியவர்கள் கொடுத்த காணிக்கையும் அதைக் கட்ட உதவியது என்பார்கள். நாம் படிப்படியாகத் தளர்த்தியதை மாமியாரின் மரபு விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் சாளைக்கறி வாசம் அவரை அவ்வளவு உலுக்கிவிட்டது. உங்களுக்குத் தெம்பு தருகிற ஒரு வேளைக் கறியாக இருந்தது, அவருக்குத் தன் அம்மாவிடமிருந்து வாங்கிய ஒன்று கைதவறி விழுந்ததுபோல இருந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மீனுக்குத் தடையில்லை என்பதற்காக வெள்ளிக்கிழமையில் நெய்மீன் வறுவலும் இறால் பிரியாணியுமாக விருந்து வைத்தால், சட்டத்தின் எழுத்து மட்டும்தான் மிஞ்சும். நீங்கள் வைத்தது சாளை, அதுவும் ரத்தசோகைக்காக. உங்களை நினைத்து இதைச் சொல்லவில்லை. கடற்கரைப் பங்குகளில் இதை அடிக்கடி பார்ப்பதால் சொல்கிறேன்.

நேர்ச்சை யாரைக் கட்டும்

நேர்ச்சை, அதைச் செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும். இலத்தீன் தொகுப்பில் 1193ஆம் சட்டம் இது. நேர்ச்சையின் இயல்பே அதுதான். ஒருவர் தன் நாக்கைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கலாம். மருமகளின் நாக்கை ஒப்புக்கொடுக்க முடியாது. மாமியார் உண்மையான அன்போடுதான் அதைச் செய்தார், மகன் பிழைப்புக்காக. ஆனால் அந்த அடுப்பு உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோறு வடிக்கும் அடுப்பு. அவர் விரும்பினால், பங்குத்தந்தையிடம் பேசி நேர்ச்சையை வேறு நல்ல காரியமாக மாற்றிக்கொள்ள வழி கேட்கலாம். அதை நீங்கள் சொல்வதைவிட, தக்கலைப் பக்கத்து உங்கள் பங்குத்தந்தை சொன்னால் அவருக்கு ஏற்றுக்கொள்வது எளிது. கணவர் வழியாகப் பங்குத்தந்தைக்கு ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

இனி சமையலறையில்

பாலூட்டும் தாய்க்கும் நோயாளிக்கும் ஒருசந்தி கட்டாயமில்லை. பெரிய வெள்ளியன்று பட்டினி கிடக்க வேண்டாம். ரத்தசோகையோடு பால் கொடுக்கும் உடம்பு அது. மருத்துவர் எப்போதாவது ஈரலோ இறைச்சியோ கட்டாயம் என்று சொன்னால் வெள்ளி தவிர்த்த நாட்களில் சாப்பிடுங்கள். வெள்ளியன்றும் தவிர்க்க முடியாத நிலை என்றால் நோயின் காரணமாகவே உங்களுக்கு விலக்கு உண்டு. மனசாட்சி உறுத்தினால் பங்குத்தந்தையிடம் சொல்லி விலக்கு வாங்கிக்கொள்ளலாம். அந்த அதிகாரம் 1245ஆம் சட்டப்படி அவருக்கு இருக்கிறது.

முட்டையை எந்த நாளும் அவித்துச் சாப்பிடுங்கள், தனிப் பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள். மீனுக்கு இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, வாரத்தில் இரண்டு நாள், வெள்ளி தவிர்த்து, மாமியாரிடம் சொல்லிவிட்டே வீட்டுக்கு வெளியே தனி அடுப்பில் வைப்பது. இன்னொன்று, உங்கள் அம்மா வீட்டிலிருந்து கறி வரவழைப்பது. முதல் வழிதான் நல்லது என்பேன், ஏனென்றால் அதில் மறைவு இல்லை. கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தபோது எனக்குத் தோன்றியது இது: அவரை அதிகம் காயப்படுத்தியது மீன் இல்லை, தான் இல்லாத நேரம் பார்த்துச் சமைத்தது. சட்டப்படி நீங்கள் தவறு செய்யவில்லை. ஆனாலும் அந்த ஒன்றுக்கு மன்னிப்புக் கேளுங்கள். "மாமி, உங்களிடம் சொல்லாமல் செய்தது தப்பு. டாக்டர் சொன்னதை முதலிலேயே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்று சொன்னால் போதும். 883ஆம் சட்டத்தை அவரிடம் எடுத்து நீட்டாதீர்கள், அது உங்களுக்கும் கணவருக்கும் தெரிந்தால் போதும். மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டுங்கள். குழந்தையின் பாலுக்காக என்று கேட்டால் எந்தப் பாட்டி மறுப்பார்?

பெரிய வியாழன் இரவுக்கு உங்கள் மாமியார் பெசகா அப்பம் (அன்றிரவு வீட்டில் பகிரும் அப்பம்) செய்வார் அல்லவா? இந்த ஆண்டு அரிசியும் உளுந்தும் ஊறவைக்கும்போதே பக்கத்தில் போய் உட்காருங்கள். தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சும் பக்குவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள், மகளையும் கூட உட்கார வையுங்கள். அது அந்தப் பிள்ளைகளின் மரபு. கைக்குழந்தையை மடியில் வைத்தபடியே கற்றுக்கொள்ளலாம்.